மேற்கு நோக்கிய உலைகள்

இலங்கையின் மத்திய மலைநாடு தெற்கே சரிந்து இறங்கும் இடத்தில், பலாங்கொடைக்குக் கிழக்கே, வளவை ஆற்றை மறித்து ஓர் அணை நிற்கிறது. சமனலவெவ நீர்த்தேக்கம் என்று பெயர். 1992இலிருந்து நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. நீர் தேங்கினால் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி மூழ்கிவிடும் என்பதால், அணை வேலை நடந்துகொண்டிருந்த 1980களின் இறுதியிலேயே தொல்லியலாளர்கள் அங்கே இறங்கி, மூழ்குமுன் பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்துவிட முயன்றார்கள். அந்தக் களப்பணியை நடத்தியவர் கில் ஜூலெஃப் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர்.

அங்கே எங்கு பார்த்தாலும் கிட்டம் கிடந்தது. இரும்புக்கல்லை உலையில் இட்டு இரும்பைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கழிவுதான் கிட்டம். பார்க்கக் கறுப்புக் கல். கையில் எடுத்தால் அந்த அளவுக் கல்லுக்கு இருக்கக்கூடாத கனம். ஒரு பக்கம் குழம்பாக ஓடி உறைந்த மடிப்புகள் இருக்கும். உடைத்தால் உள்ளே காற்றுக்குமிழ் விட்டுப்போன துளைகள் தெரியும். சில துண்டுகளில் எரிந்த கரியின் அச்சு பதிந்திருக்கும். மரத்தின் நார்வரியைக்கூட விரலால் தடவிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சேலம், தருமபுரிப் பக்கம் புன்செய்க் காடுகளில் ஏர் ஓட்டுகிறவர்களுக்கும் இந்தக் கல் புதிதில்லை.

கிட்டம் இருந்தால் உலையும் இருந்திருக்கும். சமனலவெவவில் விந்தை என்னவென்றால், அந்த உலைகள் இருந்த இடம். ஒரே வகையைச் சேர்ந்த 77 உலைக்களங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆற்றங்கரையிலோ ஊர் நடுவிலோ காற்றுக்கு ஒதுக்கமான மடிப்பிலோ அவை இல்லை. மலைமுகடுகளின் மேற்கு விளிம்பில், சரிவு முடிந்து உச்சி தொடங்கும் அந்தப் புருவத்தில், மேற்குப் பார்த்தபடி அமைந்திருந்தன. கரிமக் காலக்கணிப்பு அவற்றைக் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை என்று காட்டியது. அனுராதபுர அரசின் கடைசி நூற்றாண்டுகள் அவை.

தோண்டிப் பார்த்ததில் உலையின் வடிவமும் தெரியவந்தது. பின்பக்கம் அரைவட்டமாக வளைந்த நிலையான சுவர். திரும்பத் திரும்ப மண் பூசிச் செப்பனிட்ட அடுக்குகள் அதில் இருந்தன. முன்பக்கம், அதாவது மேற்குப் பக்கம், நேராக ஒரு மண்சுவர். ஒவ்வொரு முறை இரும்பு எடுக்கும்போதும் முன்சுவரை உடைத்துவிட்டு, அடுத்த முறைக்குப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவரின் அடியில் வரிசையாகச் சுடுமண் ஊதுகுழாய்கள். உலை அகலமானது, ஆனால் உயரம் மிகக் குறைவு, ஆழமும் குறைவு. துருத்தி வைத்ததற்கான அடையாளமே இல்லை. புகைபோக்கியும் இல்லை.

இது ஏன் புதிர் என்று புரிய, இரும்பு உலைக்கு என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். இரும்புக்கல் என்பது இரும்பும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்த பொருள். அந்தப் பிணைப்பை வெறும் சூட்டால் அறுக்க முடியாது. கரி அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுதான் கல்லிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு இரும்பை விட்டுவைக்கிறது. அதே நேரம் கல்லில் கலந்திருக்கும் மண்ணும் மணலும் உருகிக் கிட்டமாக ஓடிவிட வேண்டும். அதற்குச் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. சாதாரண விறகடுப்பு அந்தச் சூட்டை எட்டாது. கரியின் நடுவே காற்று விடாமல் பாய்ந்துகொண்டே இருந்தால்தான் எட்டும். காற்று கூடிப்போனால் கரி முழுக்க எரிந்து, பிரிந்த இரும்பு மறுபடி ஆக்சிஜனோடு சேரும். குறைந்தால் உலை அணையும். ஆகவே இரும்புத் தொழில் என்பது பாதிக்கு மேல் காற்றுத் தொழில்தான்.

அந்தக் காற்றைத் தருவதற்கு உலகம் முழுவதும் இரண்டு வழிகள்தான் தெரிந்திருந்தன. ஒன்று, துருத்தி. தோலும் மரமும் கொண்டு செய்து ஆள் மிதித்தோ அழுத்தியோ ஊதுவது. மற்றது, உயரமான உலை. சூடான வாயு மேலே எழும்போது கீழிருந்து காற்று தானாக உள்ளே இழுபடும். ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட உலைகள் அப்படித்தான் வேலை செய்தன. சமனலவெவவின் குட்டை உலை இந்த இரண்டிலும் சேரவில்லை.

காற்றில்தான் இயங்கியிருக்க வேண்டும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த முகடுகளில் வந்து மோதுகிறது. நாம் ஆடிக்காற்று என்பதும், யாழ்ப்பாணத்தார் சோழகம் என்பதும் அதே காற்றுதான். ஆனால் இரும்புத் தொழில்நுட்பம் அறிந்தவர்களிடையே ஓர் ஐயம் ஊறியிருந்தது. இயற்கைக் காற்றை நம்பி உலை மூட்ட முடியாது. ஒரு கணம் புயலாக அடிக்கும், மறு கணம் ஓயும். நேராக உலைக்குள் புகுந்தால் ஒரு மூலையில் வெந்தும் மறு மூலையில் வேகாமலும் போகும் என்று நினைத்தார்கள். காற்றால் ஊதும் உலை என்றாலே பக்குவமில்லாத பழங்காலத்து ஏற்பாடு என்ற எண்ணமும் இருந்தது. ஜூலெஃபின் ஆய்வு புரட்டிப் போட்டது இந்த எண்ணத்தைத்தான்.

ஆடி மாதத்தில் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று உள்ளே புகுந்து கூரையைத் தள்ளிவிட்டது என்று பொதுவாகச் சொல்வோம். பெரும்பாலும் நடப்பது வேறு. சுவரில் மோதிய காற்று மேலேறி, கூரை விளிம்பைத் தாண்டும்போது அதை ஒட்டி ஓடாமல் பிரிந்து எகிறுகிறது. அப்படிப் பிரிந்த இடத்துக்குக் கீழே, கூரையின் மேல் பக்கத்தில், காற்றழுத்தம் சட்டென்று குறைகிறது. தகரம் மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. சமனலவெவ உலையில் தகரத்தின் இடத்தில் திறந்த உலைவாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து வரும் காற்று முகட்டில் ஏறும்போதே நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. முன்சுவரில் மோதும்போது அதன் அடியில், ஊதுகுழாய்களின் வெளிவாயில், அழுத்தம் கூடுகிறது. மீதிக் காற்று சுவர்மேல் ஏறி விளிம்பைத் தாண்டி எகிறும்போது, சுவருக்குச் சற்றே உட்புறம், கரிக்குவியலின் மேலே, அழுத்தம் குறைகிறது. கீழே வெளியில் கூடுதல், மேலே உள்ளே குறைவு. இந்த வித்தியாசம் இருக்கும்வரை காற்று குழாய்கள் வழியே உள்ளே இழுபட்டு, முன்சுவரை ஒட்டியே கரியின் ஊடாக மேலேறி வெளியே போய்க்கொண்டிருக்கும்.

அதாவது காற்று உலைக்குள் ஊதவில்லை. உலைக்கு மேலே ஓடி, உலையை உறிஞ்சவைத்தது. துருத்தியும் இல்லை, புகைபோக்கியும் இல்லை, மூன்றாவது வழி ஒன்று இருந்திருக்கிறது. இதை உணர்ந்துகொண்டால் அந்த உலையின் ஒவ்வொரு அம்சமும் காரணத்தோடு நிற்பது தெரியும். சுவர் ஏன் குட்டை? காற்று அதைத் தாண்டி எகிற வேண்டும் என்பதற்காக. ஏன் நேராக இருந்தது? அதன் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி உறிஞ்சல் கிடைப்பதற்காக. உலை ஏன் இவ்வளவு அகலம்? துருத்தி என்றால் எத்தனை குழாய்க்கு ஊத முடியும் என்று ஆள்பலம் எல்லை போடும். காற்று முகடு முழுக்க அடிக்கிறது. சுவரை நீட்டி இன்னும் நாலு குழாய் வைத்தால் அவற்றுக்கும் கிடைக்கும்.

இதை ஏட்டளவில் சொல்லிவிட்டுப் போகவில்லை. 1994இல் ஜூலெஃப் குழுவினர் அதே மலையில், அதே வடிவில், அதே மண்ணில் உலைகளைக் கட்டி, பருவக்காற்றுக் காலத்தில் கரியும் இரும்புக்கல்லும் இட்டு மூட்டிப் பார்த்தார்கள். உலை வேலை செய்தது. வெறும் இரும்பு மட்டும் வரவில்லை. கார்பன் மிகுந்த உருக்கும் வந்தது. முடிவுகள் 1996 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியாயின. 2005இல் காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிட்டும் சரிபார்த்தார்கள். விளிம்பைத் தாண்டிய காற்று பிரிவதும், சுவரின் உட்புற உச்சியில் அழுத்தம் விழுவதும் கணக்கிலும் வந்தன.

உருக்கு வந்தது என்பதை அப்படியே கடந்துபோய்விடக் கூடாது. பழைய சிறு உலைகளில் பொதுவாகக் கிடைத்தது தேனிரும்பு. அது உருகி ஓடிய உலோகம் அல்ல. திட நிலையிலேயே சேர்ந்து திரண்ட பஞ்சுக்கட்டி. கிட்டம் அதன் இடுக்குகளில் ஒட்டியிருக்கும். கொல்லன் அதைச் சூடாக்கி அடித்து அடித்துக் கிட்டத்தைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும். கார்பன் மிகக் குறைவு என்பதால் வளையும், முனை மழுங்கும். கூர் நிற்க வேண்டுமானால் இரும்பில் ஓரளவாவது கார்பன் ஏற வேண்டும். சமனலவெவ உலையில் முன்சுவரை ஒட்டிய பட்டையில் கடும் சூடும், கார்பன் மோனாக்சைடு செறிவும் ஒரே இடத்தில் கூடின. அங்கே பிரிந்த இரும்பு கரியோடு நெருங்கிக் கிடந்து கார்பனைக் குடித்தது. கார்பன் ஏற ஏற இரும்பு உருகத் தேவையான சூடு குறைகிறது. தூய இரும்புக்கு 1,538 டிகிரி வேண்டும். 2 சதவீதக் கார்பன் சேர்ந்தால் 1,150 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும். அதனால் ஒரே உலையில் ஒரு பக்கம் மென்மையான இரும்பும் இன்னொரு பக்கம் உருக்கும் கிடைத்திருக்கின்றன. உடைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, எது எதற்கு ஆகும் என்று பிரித்துவைப்பது உலைக்காரரின் கைப்பக்குவம்.

என்னை இந்த உலையில் மிகவும் கவர்வது, அறிவு எங்கே இருக்கிறது என்பதுதான். கருவியில் இல்லை, கருவியே ஏறத்தாழ ஒன்றும் இல்லை. மண்சுவர், குழாய், கரி, கல், அவ்வளவே. ஆனால் எந்த முகடு, முகட்டில் எந்த அடி, எந்தத் திசை, எந்த மாதம், சுவர் எவ்வளவு உயரம் என்ற தேர்வுகளில் பெரும் அறிவு அடங்கியிருக்கிறது. பத்தடி பின்னால் தள்ளிக் கட்டினால் காற்று தலைக்கு மேல் போய்விடும். எழுத்தில் ஒரு வரி விட்டுவைக்காத மனிதர்கள், விமான இறக்கையை விளக்க நாம் பயன்படுத்தும் அதே இயற்பியலைக் கைகளால் அறிந்து, நானூறு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்தது ஊர்த்தேவைக்கான கைத்தொழிலும் அல்ல. மலைக்கு மலை உலைகள் இருந்தன. அத்தனைக்கும் கரி சுட மரம் வெட்டியிருக்க வேண்டும், கல் தோண்டிச் சுமந்திருக்க வேண்டும். காற்று வருமுன் எல்லாவற்றையும் குவித்து வைத்திருந்தால்தான் அந்தச் சில மாதங்களைப் பயன்படுத்த முடியும். அது ஒரு வட்டாரமே சேர்ந்து செய்த தொழில். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உருக்கு வகைகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கும் அந்த நூலில் சரந்தீபின் உருக்கும் இடம்பெறுகிறது. சரந்தீப் என்று அரபியர் சொன்னது இலங்கையை. சமனலவெவவின் உலைகள் எரிந்துகொண்டிருந்த காலம் அதே நூற்றாண்டு.

11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மேற்கு நோக்கிய உலைகள் இல்லை. ஆனால் அந்த மலைகளில் இரும்புத் தொழில் அழியவில்லை, துருத்திக்கு மாறியது. கண்டி அரசில் கைதியாக 19 ஆண்டுகள் கழித்த ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் சிங்களவர் இரும்பு எடுக்கும் விதத்தை விவரித்தார். 1821இல் மருத்துவர் ஜான் டேவியும் அதைப் பற்றி எழுதினார். யமன்னு என்ற சமூகத்தாரின் குலத்தொழிலாக அது இருந்தது. கண்டி அரசனுக்குச் செலுத்த வேண்டிய வரியை அவர்கள் இரும்பாகவே செலுத்தினார்கள்.

கடைசித் தலைமுறையைக் கண்டு எழுதிவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழர்கள் அவரை நடராஜர் வடிவத்துக்கு விளக்கம் எழுதிய கலை அறிஞராக அறிவார்கள். சேர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர் படித்தது நிலவியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநர். பாறைகளைத் தேடிப் போனவர் பலாங்கொடைப் பக்கம் இரும்பெடுக்கும் முதியவர்களைக் கண்டார். ஏறக்குறைய நின்றுபோயிருந்த தொழிலை அவர்கள் அவருக்காகச் செய்துகாட்டினார்கள். அவர் விவரிக்கும் கால்துருத்தியைப் பாருங்கள். குடைந்த மரத்தொட்டியின் வாயில் தோல் கட்டியிருக்கும். தோலின் நடுவே ஒரு துளை. ஆள் ஏறி நின்று குதிகாலால் துளையை அடைத்து மிதித்தால் காற்று குழாய் வழியே உலைக்குப் போகும். காலைத் தூக்கியதும், வளைத்துக் கட்டிய கொம்பு கயிற்றால் தோலை மேலே இழுத்துக்கொள்ளும். துளை வழியே காற்று நிரம்பும். இப்படி இரண்டு தொட்டி, ஆளுக்கு இரண்டு கால், மாறி மாறி. முன்னோர் ஒரு முகட்டின் விளிம்பில் இலவசமாகப் பெற்றதை இவர்கள் மணிக்கணக்கில் மிதித்துப் பெற்றார்கள்.

மூசையில் உருக்கு செய்யும் முறையையும் குமாரசுவாமி பதிவுசெய்தார். களிமண்ணால் செய்த நீண்ட குறுகலான மூசைக்குள் தேனிரும்புத் துண்டையும் ஆவாரை மரச்சிராய்களையும் இட்டு, வாயை மண்ணால் மூடி, கரியில் வைத்து ஊதுவார்கள். மூடிய மூசைக்குள் சிராய் கரியாகி, அந்தக் கார்பன் இரும்பில் ஏறும். ஏறியதும் இரும்பு உருகி, கிட்டமில்லாத தூய உருக்குக் கட்டியாக உறையும். இதே ஆவாரையை, கூட எருக்கிலையையும் சேர்த்து, சேலம் பக்கத்து உருக்குக்காரர்கள் மூசையில் இட்டதை ஜோசையா மார்ஷல் ஹீத் 1839இல் எழுதியிருக்கிறார். பாக்கு நீரிணைக்கு இரு கரையிலும் ஒரே செடி, ஒரே வேலை. இன்றைய கள்ளக்குறிச்சிப் பகுதியில் மேல்சிறுவலூரில் கிடைத்த மூசைத் துண்டுகளை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அவற்றில் ஒட்டியிருந்த சிறு உலோகத் துளிகளிலிருந்தே அங்கே கார்பன் மிகுந்த உருக்கு வார்க்கப்பட்டதை நிறுவினார். இந்த வகை உருக்கின் ரகசியத்தை அறிய லண்டனில் மைக்கேல் பாரடே சில ஆண்டுகள் உழைத்தார். அவர் ஒரு கொல்லரின் மகன்.

ஹீத்தின் கதை தனியாக எழுத வேண்டியது. சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் பெரிய ஊதுலைகளை எழுப்பினார்.  ஆனால் பெரிய உலை இடைவிடாமல் எரிய வேண்டும். இடைவிடாமல் எரிய இடைவிடாத மரக்கரி வேண்டும். காடு ஆண்டுக்காண்டு தூரம் போனது, கரியின் விலை ஏறியது. 1870களுக்குள் எல்லாம் மூடப்பட்டன. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய மலிவு இரும்பு, இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் சிற்றுலைகளையும் அதே நூற்றாண்டில் அணைத்துவிட்டது. சமனலவெவ உலை ஆண்டில் சில மாதங்கள் மட்டும் எரிந்தது என்பதைக் குறையாகப் பார்க்கத் தோன்றும். மீதி மாதங்களில் வெட்டிய மரம் தழைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஜூலெஃப் 2009இல் இன்னொரு துணிவான கருத்தை முன்வைத்தார். ஜப்பானின் தத்தாரா உலைகளும் நீளவாக்கில் அமைந்தவை. நீண்ட பக்கங்களில் வரிசையாக ஊதுகுழாய்கள். ஒவ்வொரு முறையும் மண்சுவரை உடைத்துத்தான் உருக்கை எடுப்பார்கள். இலங்கையின் நீள உலைகளையும் இவற்றையும் ஒரே பரந்த ஆசிய மரபின் கிளைகளாகப் பார்க்கலாம் என்பது அவர் வாதம். எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு அல்ல இது. ஆனால் தத்தாராவைப் பொறுத்தவரை ஒன்று உறுதி: அது இன்றும் எரிகிறது. ஷிமானே மாநிலத்தில் 1977 முதல், ஜப்பானிய வாள்கலையைப் பேணும் சங்கம், ஒவ்வொரு குளிர்காலத்திலும் தத்தாராவை மூட்டுகிறது. மூன்று பகல் மூன்று இரவு கரியும் இரும்பு மணலும் இட்டு, சுமார் 2.5 டன் பாளம் ஒன்றை எடுக்கிறார்கள். நாட்டின் வாள்செய்வோருக்கு அது பிரித்துக் கொடுக்கப்படுகிறது. தலைமை உலைக்காரர் தீயின் நிறத்தைப் பார்த்து அடுத்த கூடைக் கரியை எப்போது இடுவதென்று முடிவுசெய்வதை இளையவர்கள் அருகில் நின்று கற்கிறார்கள்.

சமனலவெவவுக்கும் இதைச் செய்ய முடியும். சபரகமுவ பல்கலைக்கழகம் அங்கிருந்து சிறிது தூரத்தில், பெலிஹுல்ஓயாவிலேயே இருக்கிறது. உலையின் அளவுகள் அச்சில் இருக்கின்றன. செய்துபார்த்து வெற்றி கண்ட அனுபவமும் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, ஆடியில் ஒரு வாரம், ஒரு முன்சுவரும் சில ஊதுகுழாய்களும் சில மூட்டைக் கரியும் போதும். துருத்தி மிதிக்க ஆள் தேட வேண்டியதில்லை.